மெதுவாகப் போகும் ஒரு கொரியத் தொடர்: ஒரு பார்வையாளனின் கருத்து

மலருக்கு இந்த ஆண்டு என்ன எழுதித் தரப் போகிறீர்கள் என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஆய்வுக் கட்டுரை மலர் ஆச்சே சார், அதுல சீரியலா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சீரியல் என்றதும் நமக்கெல்லாம் ஒரு முகச்சுளிப்பு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு சமூகம் தன் சோர்வை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள, இந்தக் காலத்தில் நாவலைவிடத் தொடர்களே அதிகம் உதவுகின்றன என்பது என் எண்ணம். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

கொரியத் தொடர் நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. 2006-ல் தூர்தர்ஷனிலேயே 'எம்பரர் ஆஃப் தி சீ' என்ற கடல் வணிகன் கதையும், அரண்மனைச் சமையற்காரி மருத்துவச்சி ஆகும் கதையும் இந்தியில் வந்தன. பிறகு புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. ஊரில் இருக்கும் என் அண்ணன் மகள் அப்போது கல்லூரி மாணவி. கதாநாயகர்களின் பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பெயர் போலச் சொல்வாள். இன்று நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு அந்தக் கதவு முழுவதுமாகத் திறந்துவிட்டது.

நான் பேசப் போகும் தொடர் 'மை லிபரேஷன் நோட்ஸ்'. கொரிய மொழியில் 'நாயே ஹேபாங் இல்ஜி', அதாவது 'என் விடுதலைக் குறிப்பேடு'. 2022 ஏப்ரல் 9 முதல் மே 29 வரை ஜேடிபிசி அலைவரிசையில் சனி, ஞாயிறுகளில் வந்தது. மொத்தம் 16 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் மேல். எழுதியவர் பார்க் ஹே-யங் என்ற பெண்மணி. 2018-ல் வந்த 'மை மிஸ்டர்' தொடரும் இவர் எழுத்துதான். இயக்கியவர் கிம் சொக்-யூன். தலைப்பில் உள்ள 'ஹேபாங்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1945-ல் ஜப்பானிய ஆட்சியிலிருந்து நாடு விடுபட்டதைக் கொரியர்கள் குறிக்கும் சொல் அது. ஒரு தேசத்தின் விடுதலைக்கு உரிய சொல்லை எடுத்து, ஆபீசுக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

கதை என்று பார்த்தால்

கதை ரொம்பச் சின்னது. சியோல் நகரைச் சுற்றியிருக்கும் கியோங்கி மாகாணத்தில் சன்போ என்று ஒரு கற்பனை ஊர். அங்கே யோம் குடும்பம். அப்பா சமையலறைத் தொட்டி மேடை செய்து பொருத்துகிறவர். மிச்ச நேரத்தில் வயல் வேலை. அம்மா வீட்டையும் பார்த்து, பட்டறையையும் பார்த்து, வயலிலும் இறங்குகிறார். மூன்று பிள்ளைகள், மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவள் கி-ஜோங், யாரையாவது காதலித்தே தீருவது என்று இருப்பவள். நடுவில் சாங்-ஹீ, மளிகைச் சங்கிலிக் கடைகளை மேற்பார்வை பார்க்கும் வேலை, ஓயாத வாய். கடைக்குட்டி மி-ஜோங், தற்காலிக ஊழியை, பேசவே பேசாதவள். முன்னாள் காதலனுக்காகக் கடன் வாங்கிக் கொடுத்து ஏமாந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருக்கிறாள். இவர்களோடு, எங்கிருந்தோ வந்து அப்பாவின் பட்டறையில் வேலை செய்யும் கூ என்ற ஆள். வேலை, வேலை முடிந்தால் சோஜு சாராயம், வேறு ஒன்றும் இல்லை. அவர் முழுப்பெயர்கூட யாருக்கும் தெரியாது.

தினமும் மூவரும் பஸ், ரயில், மாறி இன்னொரு ரயில் என்று சியோலுக்குப் போய்த் திரும்புகிறார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. கடைசி ரயில் போய்விட்டால் ஓர் இடத்தில் சேர்ந்து ஒரே டாக்சியில் பங்கு போட்டு வருவார்கள். சியோல் மஞ்சள் கரு என்றால், கியோங்கி அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கரு என்று சாங்-ஹீயின் காதலி ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். அந்தக் கேலி கொரியாவில் பரவலாகப் பேசப்பட்டது. பேசாமல் எப்படி இருப்பார்கள்? சியோலின் மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. கியோங்கியில் இருப்பவர்கள் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல். வெள்ளைக் கருவில் இருப்பவர்கள்தானே அதிகம்!

டோம்பிவிலியிலிருந்து வி.டி.க்கு 27 வருஷம் போய்வந்தவன் நான். பார்சிக் குகைக்குள் வண்டி நுழையும்போது ஜன்னலில் தெரியும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷம், இந்தத் தொடரில் மி-ஜோங் ரயில் ஜன்னலில் சாய்ந்து நிற்கும்போது அப்படியே திரும்பி வந்தது. மும்பைத் தமிழர்கள் பலருக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

மெதுவும் இழுவையும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை இரண்டு பகுதியோடு நிறுத்திவிட்டேன். சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்கள், வெங்காயத் தாள் பிடுங்குகிறார்கள், மறுபடி சாப்பிடுகிறார்கள். என்னடா இது, ஒண்ணுமே நடக்கலையே என்று இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. கொரியாவிலும் சுமார் 3 சதவீதப் பார்வையாளர்களோடுதான் தொடங்கியது. கடைசி வாரத்தில் 6 சதவீதத்தைத் தாண்டியது. ஆக, பொறுமையாக இருந்தவர்கள் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என் மனைவி. நான் விட்ட இடத்திலிருந்து அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகப் போவதும் இழுப்பதும் ஒன்றல்ல. இதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஓடும் மெகா தொடரில் நிகழ்ச்சிகள் ஏராளம்: விஷம், கடத்தல், மறைந்த மகன் திரும்பி வருவது. ஆனால் நேரம் நகராது. ஒருத்தி கதவைத் திறந்தால் ஏழு பேர் முகத்தை மும்மூன்று தடவை காட்டி, இடி முழங்க வைத்து, ஒரு நொடியை அரை நிமிஷம் ஆக்குவார்கள். அது இழுவை. இந்தக் கொரியத் தொடரில் நேரெதிர். நிகழ்ச்சி குறைவு, நேரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெயில் காலம் போய் இலையுதிர் காலம் வருகிறது, பனி கொட்டுகிறது. ஒரு சாப்பாட்டுக் காட்சி, சாப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் நடக்கிறது. அப்பா பேசமாட்டார், கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவார். சாங்-ஹீ கார் வாங்கப் பணம் கேட்டுத் திட்டு வாங்குவான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த வீட்டில் அன்பு இருக்கிறது, அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லை என்பது பார்க்கிற நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறது. அவசரமாகக் காட்டியிருந்தால் உறைத்திருக்காது.

மெதுவாகப் போவதால் இன்னொரு லாபம். நான்காம் பகுதிவாக்கில் மி-ஜோங்கின் தொப்பி காற்றில் பறந்து பள்ளத்துக்கு அந்தப் பக்கம் விழுகிறது. அதுவரை தள்ளாடித் திரிந்த கூ, பின்னால் நடந்துபோய், ஓடிவந்து, ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் எடுக்கிறார். ஒரு ஆள் குதிக்கிறார், அதுதானே? ஆனால் நான்கு மணி நேரம் ஒன்றுமே அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது நம்மூர் சண்டைக் காட்சி பத்துக்குச் சமம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

மெய்ப்பாட்டியல் வழியே

இது ஆய்வு மலர் என்பதால் ஒரு வார்த்தை. இந்தத் தொடரின் சுவை என்ன என்று யோசித்தேன். தொல்காப்பியர் சொல்லும் நகை, அழுகை முதலான எட்டு மெய்ப்பாடுகளுள் எதிலும் இது சரியாக உட்காரவில்லை. ஆனால் அந்த எட்டோடு அவர் நிற்கவில்லை. அதே இயலில் வேறு 32 மெய்ப்பாடுகளைத் தனியே அடுக்குகிறார். அவற்றைப் பாடம் கேட்ட நாளில் நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம். மடிமை, முனிதல், உயிர்ப்பு, கையாறு, துஞ்சல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சோம்பிக் கிடத்தல், வெறுத்துப்போதல், பெருமூச்சு, செயலற்றுப்போதல், உறக்கம். இந்தத் தொடர் வாழ்வது இந்த இரண்டாவது பட்டியலில்தான். பெரிய உணர்ச்சிகள் எட்டும் வருவதற்கு முன்னும் பின்னும் மனிதன் பெரும்பாலான நாளை எதில் கழிக்கிறானோ அதுதான் இங்கே கதை. கொரியர்களுக்கும் தொல்காப்பியருக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. நம்மிடம் இருக்கும் அளவுகோல் நாம் நினைப்பதைவிட நீளமானது என்று மட்டுமே சொல்கிறேன்.

ஒரு சொல்

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசுவது ஒரு காட்சியை. ஊமை மாதிரி இருந்த மி-ஜோங், குடித்துக்கொண்டிருக்கும் கூவிடம் போய், என்னை 'சுவாங்' செய்யுங்கள் என்கிறாள். காதலியுங்கள் என்று சொல்லவில்லை. காதல் போதாது என்கிறாள். இதுவரை தான் பழகிய ஆண்கள் எல்லோரும் தன்னைக் காலி செய்துவிட்டே போனார்கள், ஒரு தடவையாவது முழுசாக நிரம்ப வேண்டும் என்கிறாள். ஆங்கிலத்தில் 'வொர்ஷிப்' என்று போட்டிருக்கிறார்கள். அது கோயில் வாசனை அடிக்கிறது. அந்தச் சொல் சீன எழுத்திலிருந்து வந்த இரண்டு அசை: ஒன்று தள்ளி உயர்த்துவது, இன்னொன்று அண்ணாந்து பார்ப்பது. கொரியர்களே அன்றாடம் பேசும் சொல் இல்லை அது. கூவே அதற்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பார்க்கிறார்.

தமிழில் என்ன சொல்லலாம்? வழிபடு, போற்று, கொண்டாடு என்று பல சொற்களை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒத்துவந்தது 'ஏத்து'. செய்யுள் வழக்கில் ஏத்துதல் என்றால் போற்றுதல். பேச்சு வழக்கில் ஏத்து என்றால் மேலே தூக்கு. "மூட்டையை வண்டியில ஏத்து" என்கிறோமே, அது. இரண்டு அர்த்தமும் அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் தன்னைத் தூக்கவும் வேண்டும், தூக்கிய பிறகு அண்ணாந்து பார்க்கவும் வேண்டும். அதைக் கேட்கிற இடமோ, தன்னையே தூக்கிக்கொள்ள முடியாத ஒரு குடிகாரன். வேடிக்கை என்னவென்றால், யாரும் தன்னிடம் எதையும் எதிர்பார்க்காத அந்த ஆளுக்கு, ஒருத்தி ஒன்றைக் கேட்டதே பிடிமானமாகிவிடுகிறது.

ஆறுதல் சொல்லாத சங்கம்

நம்மைப் போன்ற சங்கக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. மி-ஜோங்கின் நிறுவனத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் சேர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். பந்து உருட்டும் குழு, அந்தக் குழு, இந்தக் குழு. சேராமல் தப்பித்துக்கொண்டிருந்த மூன்று பேர், தொல்லை தாங்காமல் தாங்களே ஒன்று ஆரம்பிக்கிறார்கள். அதுதான் விடுதலைச் சங்கம். வாரம் ஒரு முறை கூடி, எதிர் எதிராக உட்காராமல் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, எதிலிருந்து விடுபட வேண்டும் என்று பேசுவார்கள். சந்தோஷமாக இருப்பதுபோல் நடிக்கக் கூடாது. துக்கமாக இருப்பதுபோலவும் நடிக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும். அதோடு, யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது.

ஆறுதல் சொல்லக் கூடாதா என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால் புரிகிறது. ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், "அட, இதுக்கெல்லாம் போய்..." என்று நாம் குறுக்கே விழுகிறோம். அது அவருக்காக இல்லை, கேட்க முடியாத நம் சங்கடத்துக்காக. வெளியூரில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். ஊருக்குப் போன் செய்தால் நன்றாக இருக்கிறோம் என்கிறோம், ஊரிலிருந்து வந்தால் சிரித்த முகமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். உள்ளதை உள்ளபடி சொல்ல நமக்கு எத்தனை மேடை இருக்கிறது?

குறைகளும் உண்டு

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வசனம். பேசாத மனிதர்களின் கதை என்று சொல்லிக்கொண்டு, பேச ஆரம்பித்தால் எல்லோருமே தத்துவம் பேசுகிறார்கள். சாங்-ஹீ பேசினால் பொருந்துகிறது, அவன் சுபாவம் அது. ஆனால் மற்றவர்களும் அதே நடையில் பேசும்போது, எழுதிய அம்மாளின் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

இரண்டாவது, கூவின் பழைய வாழ்க்கை. அவர் சியோலில் இரவுக் கேளிக்கை விடுதிகளை நடத்தும் கும்பலைச் சேர்ந்தவர் என்று பின்னால் தெரிகிறது. அந்தக் காட்சிகளில் வரும் அடிதடியும் கறுப்புச் சட்டைக்காரர்களும் வேறு ஏதோ தொடரிலிருந்து வழி தவறி வந்தவர்கள் போல இருக்கிறார்கள். யார் என்றே தெரியாமல் இருந்தபோது அவருக்கு இருந்த கனம், தெரிந்த பிறகு குறைந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. குடியை இந்தத் தொடர் கொஞ்சம் அழகாகக் காட்டிவிடுகிறது. மலையைப் பார்த்து உட்கார்ந்து குடிக்கும் அந்த ஆள் நல்ல அழகன். நடித்த சொன் சொக்-குவுக்கு இந்தத் தொடருக்குப் பிறகு கொரியாவில் எக்கச்சக்கப் புகழ். ஆனால் குடிப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மலையும் இல்லை, மௌனமும் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவரை அப்படி இழந்திருக்கிறோம். மி-ஜோங் அவரைக் குடியை விடச் சொல்லி ஒருபோதும் நச்சரிப்பதில்லை. அது அவள் பெருந்தன்மை என்று தொடர் நினைக்கிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் கடைசிப் பகுதியில் ஒரு நியாயம் செய்கிறார்கள். கூவின் கையிலிருந்து ஒரு நாணயம் உருண்டு போய், சாக்கடை மூடியின் கம்பியில் விழாமல் நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு, வாங்கிய புட்டியைத் தெருவில் படுத்திருந்த ஒருவரிடம் வைத்துவிட்டு நடக்கிறார். திருந்திவிட்டார் என்று சொல்லவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தார், அவ்வளவே. இந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. அந்தப் புட்டி இன்னொரு பாவப்பட்ட மனிதன் கைக்குப் போனதுதான் பிடிக்கவில்லை.

அந்த அம்மா

பதின்மூன்றாம் பகுதியில் அம்மா இறந்துபோகிறார். நோய் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, வசனம் இல்லை. அடுப்பில் சோறு வைத்துவிட்டு, சற்றுப் படுக்கிறார். எழுந்திருக்கவில்லை. சோறு தீய்ந்து போகிறது. அவ்வளவுதான். அந்த வீடு யார் தோளில் நின்றது என்பது அதற்குப் பிறகே தெரிகிறது. பிள்ளைகள் சியோலுக்குக் குடிபோகிறார்கள், அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்கிறார், அந்தச் சாப்பாட்டு மேசை பழையபடி நிரம்புவதே இல்லை.

பார்த்து முடித்ததும் என் மனைவி டிவியை நிறுத்திவிட்டு என்னிடம், "அந்த அம்மா பேர் என்ன, சொல்லுங்க?" என்று கேட்டாள்.

மூன்று பிள்ளைகள் பெயரும் சொன்னேன். அப்பா பெயர் ஜே-ஹோ, அதுவும் வந்தது. அம்மா பெயர் வரவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறேன். கிண்ணம் எடுத்து வைக்கிறார், வயலில் குனிகிறார், பட்டறைக்காரர்களுக்குச் சோறு போடுகிறார், மகனை அதட்டுகிறார். திரை முழுக்க இருந்தவர் பெயர் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். குவாக் ஹே-சுக். நடித்தவர் லீ கியோங்-சொங்.

அப்போதுதான் இந்தத் தொடர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போயிற்று என்று எனக்குப் பிடிபட்டது. பிள்ளைகளின் சலிப்பைச் சொல்வதற்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அம்மாளின் வேலையை நம் கண் முன்னாலேயே நூறு தடவை நடத்திக் காட்டி, நாமும் அந்தப் பிள்ளைகளைப் போலவே கவனிக்காமல் இருக்கிறோமா என்று சோதித்திருக்கிறார்கள். நான் தோற்றுப்போனேன். ரயிலில் நின்ற பெண்ணைப் பார்த்து நானேதான் என்று உருகியவனுக்கு, விடிவதற்கு முன் எழுந்து அவளுக்குச் சோறு போட்டவர் கண்ணில் படவில்லை.

27 வருஷம் என் டிபன் டப்பா மேசையில் தானாக வந்து உட்காரவில்லை. நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைத்து, பிள்ளைகளுக்கும் எனக்கும் தனித்தனியாகக் கட்டி வைத்தவள் ஒருத்தி உண்டு. "உங்க ரயில் கதையை நாலு பேர்கிட்ட சொல்லிட்டீங்க. ரயிலுக்கு முந்தி நடந்ததை யாரும் கேக்கலை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதாவது சமாதானம் சொல்ல வாய் வந்தது. அந்த விடுதலைச் சங்கத்து விதி ஞாபகம் வந்து, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவு ரொம்ப நேரம் பேசினாள். எனக்குத் தெரியாத பல விஷயங்கள் அதில் இருந்தன. அவை அவளுடையவை, இங்கே எழுத மாட்டேன்.

தொடரின் முடிவுப் பக்கம் மி-ஜோங் ஒரு கணக்குச் சொல்கிறாள். கடையில் நாம் கதவைத் திறந்துவிட்டதும் நன்றி சொல்லும் பிள்ளையால் ஏழு நொடி மகிழ்ச்சி, காலையில் கண் விழித்ததும் இன்று சனிக்கிழமை என்று நினைவு வந்தால் பத்து நொடி. இப்படிச் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் ஆனால் போதும், உயிரோடு இருந்துவிடலாம் என்கிறாள். சாங்-ஹீ வேறு எதற்கோ போனவன், அறை மாறி, இறுதிச் சடங்கு நடத்துபவர்களுக்கான வகுப்பில் போய் உட்கார்ந்து, இதுதான் தன் வேலை என்று கண்டுகொள்கிறான். யாருக்கும் பெரிய வெற்றி கிடையாது. எல்லோரும் கொஞ்சம் லேசாகிறார்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தத் தொடரைப் பாருங்கள் என்றே சொல்வேன். இரண்டு நிபந்தனைகள். நான்கு பகுதி வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களோடு பாருங்கள். முடிந்ததும் அவர்கள் ஏதாவது சொன்னால், ஆறுதலும் அறிவுரையும் சொல்லாமல் கேளுங்கள். பிறகு அடுத்த கூட்டத்தில் வந்து, ரொம்ப இழுவை சார் என்று என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் திட்டுவதற்கு முன் அந்த அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டும்.